விடுப்பு விண்ணப்பம் மட்டும்தான் கற்றுக்கொடுத்தேன்

பொங்கல் வாழ்த்து அனுப்பிய எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் பைக் சத்தம். என்னிடம் அஞ்சாம் வகுப்பில் படித்தவன். இப்போது நாற்பத்தொரு வயது, காதோரம் நரைத்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன். அவன் செட்டில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், கமென்ட்டில் போட்டு உடைத்துவிடாதீர்கள். பாலிடெக்னிக் முடித்து, ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தான். அந்த லைனையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இவனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதமாக வேலை இல்லை என்பதை வீட்டுக்காரி தவிர யாருக்கும் சொல்லவில்லை.

"டீச்சர், லிங்க்ட்இன்னு ஒண்ணு இருக்குது. அதுல என்னைப் பத்தி நாலு வரி எழுதிக்கிறேன். இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்று போனை நீட்டினான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கடின உழைப்பாளி, நேர்மையானவன், நேரம் தவறாதவன், எந்தச் சூழலிலும் பணிபுரியத் தயார், தகுந்த வாய்ப்பை எதிர்நோக்கி இருக்கிறேன். இங்கிலீஷில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை எங்கேயோ பார்த்தமாதிரி இருந்தது. ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் பிடிபட்டது. அது நான் கற்றுக்கொடுத்த விடுப்பு விண்ணப்பம். எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால், தாங்கள் கூர்ந்து, இரண்டு நாட்கள் மட்டும், பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன். அதே குனிந்த முதுகு, மொழிதான் வேறு.

பிரம்பை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு அந்த விண்ணப்பத்தை மனப்பாடம் செய்யவைத்தவள் நான். ஒரு பிள்ளை ஒரு தடவை, "பாட்டி ஊரில் திருவிழா, ராட்டினம் ஏற வேண்டும், அதனால் வர மாட்டேன்" என்று உண்மையை எழுதிக் கொண்டுவந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, உடல்நிலை சரியில்லை என்று எழுதச் சொன்னேன். கட்டுரையிலும் அப்படியே. "என் எதிர்கால இலட்சியம்" என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பே டாக்டராகும், எல்லாரும் ஏழைகளுக்கு இலவசமாக ஊசி போடுவார்கள். நானும் பத்துக்கு எட்டுப் போடுவேன். ஒரு பிள்ளைகூடத் தன் வீட்டில் நடப்பதை, தன் கை செய்ததைப் பற்றி எழுதியதில்லை. எழுதச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்புகழ்ச்சி, தப்பு என்றுதான் நாங்களும் வளர்ந்தோம்.

போனை மூடி வைக்கச் சொன்னேன். "நீ கடைசியா செஞ்ச பெரிய வேலை ஒண்ணு சொல்லுடா" என்றேன். "பெருசா ஒண்ணும் இல்ல டீச்சர், மெயின்டனன்ஸ்தானே" என்றான். மோர் கொடுத்து, மறுபடி கேட்டேன். அப்புறம் ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், துறைக்காரர்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிரஸ், கன்வேயர் போன்ற இயந்திரங்களுக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது, பி.எல்.சி. என்று பெயர். இருபது முப்பது வருஷப் பழைய பெட்டிகள் பலவற்றில் அந்த மூளையின் நினைவு ஒரு சின்ன பேட்டரியில்தான் நிற்குமாம். பேட்டரி தீர்ந்து, கரண்ட்டும் போனால் புரோகிராம் மொத்தமும் அழிந்துவிடும். இயந்திரம் செய்த கம்பெனி மூடியிருக்கும், இல்லை கொரியாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும். புரோகிராமின் நகல் யாரிடமும் இருக்காது. நல்லா இருந்த மெஷின் ஒரே ராத்திரியில் இரும்புக் குப்பை. இவன் அப்படிச் செத்துப்போன ஒரு பிரஸ்ஸை, ஒயர் ஒயராகத் தடம் பிடித்து, எந்த சென்சார் எதற்கு என்று ஒரு நோட்டில் எழுதி, புதுப் பெட்டி வைத்து, ஒன்பது நாளில் உயிர்ப்பித்திருக்கிறான். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் உள்ள அத்தனை பழைய மெஷின்களுக்கும் நகல் எடுத்துவைத்திருக்கிறான். யாரும் சொல்லவில்லை, தானாகவே செய்தது.

"ஏண்டா, இதை ஏன் இதுல எழுதல?" என்றேன்.

"அது எப்படி டீச்சர் எழுதறது, அது வேலைதானே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சமாளித்தேன்.

ரெண்டு பேருமாக உட்கார்ந்து முதலில் தமிழில் எழுதினோம். "பழைய பிரஸ், கன்வேயர் இயந்திரங்களின் பி.எல்.சி. புரோகிராமை மீட்டெடுத்து, புதிய கருவிக்கு மாற்றித் தருகிறேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 16 ஆண்டுகள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் நேரில் வருவேன். ஞாயிறு, விடுமுறை, ஷட்டவுன் நாட்களிலும் செய்வேன்." அவ்வளவுதான். பிறகு இங்கிலீஷில் போட்டோம். கடின உழைப்பாளி, நேர்மையானவன் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அதைப் படிக்கிறவர் சொல்ல வேண்டும், நீ சொல்லக் கூடாது. (முன்னால் இருந்த வரிகளை அவன்கூட எழுதவில்லையாம், போனில் இருக்கும் செயலி எழுதிக்கொடுத்ததாம். எங்கள் காலத்தில் கோனார் உரை, இப்போது இது.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் "காண்ட்ராக்ட்" என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டைக்குப் பதில் வேறு நிறச் சட்டை, கேன்டீனில் தனி வரிசை, நடுவில் ஒரு ஏஜென்ட், எப்போது வேண்டுமானாலும் "நாளைலேருந்து வராதே". இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கென்று 1970-இலேயே ஒரு சட்டம் போட வேண்டி வந்தது என்றால் அதில் எவ்வளவு கண்ணீர் இருந்திருக்கும்! 1996-இல் ஹூண்டாய் வந்தபோதும், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே போனபோதும் நம் ஊரில் எல்லாரும் ஆசைப்பட்டது "பர்மனன்ட்" என்ற ஒரே சொல்லுக்குத்தான். நானும் பெற்றோர் கூட்டத்தில் அதைத்தான் சொன்னேன். "நல்லாப் படிச்சா பர்மனன்ட் ஆகலாம்."

அந்தப் பர்மனன்ட் என்ன ஆனது என்பதையும் இதே சாலையில் பார்த்தோம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பர் முதல் தேதியோடு நின்றுபோனது. என் மாணவிகள் எத்தனை பேர் அந்த நீலப் பேருந்துகளில் போனவர்கள்! அந்தப் பக்கம் மறைமலைநகரில் ஃபோர்டு, 2021 செப்டம்பரில் அறிவித்து, மறு வருஷம் ஜூலையில் கடைசி வண்டியை வெளியே விட்டது. உலகத்திலேயே பெரிய பெயர்கள். பர்மனன்ட் என்பது கம்பெனி இருக்கும்வரை பர்மனன்ட்.

நான் சொல்லவருகிற காண்ட்ராக்ட் வேறு. நடுவில் ஏஜென்ட் இல்லாமல், உன் கைத்திறனை நீயே நாள் கணக்கிலோ வேலைக் கணக்கிலோ விற்பது. நம் ஊரில் கிணற்று மோட்டார் பார்க்கிறவர், நாதஸ்வரக்காரர், கொத்தனார் எல்லாம் காலங்காலமாக இப்படித்தான் பிழைக்கிறார்கள். யாரும் அவர்களை "வேலை இல்லாதவன்" என்று சொல்வதில்லை. ஆனால் டிப்ளமோ படித்தவன் அதையே செய்தால் சொந்தக்காரர் வாய்க்கு அவல் கிடைத்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் இதற்குத் தேவை இருக்கிறதா என்று கேட்பீர்கள். பெரிய கம்பெனிகளைப் பார்க்காதீர்கள். அவர்களுக்குச் சாமான் செய்து தரும் கம்பெனிகள், அவர்களுக்குச் செய்து தரும் சின்னப் பட்டறைகள், இவற்றைப் பாருங்கள். பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், வல்லம் வடகால், திருமுடிவாக்கம் என்று எத்தனை! நாற்பது பேர் வேலை செய்கிற யூனிட்டில் பி.எல்.சி. தெரிந்த ஆளை வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க முடியாது. ஆனால் வருஷத்தில் பத்து நாள் அவன் இல்லாமல் முடியாது. அளவுக் கருவி சரிபார்ப்பது, வெல்டிங் ஆய்வு, டை டிசைன், ஜிக் வரைபடம், வாகனத் துறைத் தரச் சான்றுக்கு முன்னால் உள்தணிக்கை செய்து கொடுப்பது, எல்லாம் அப்படிப்பட்ட வேலைகள்.

இன்னொன்று மொழி. எட்டாவதுவரை நம் பள்ளியில் படித்த ஒரு பெண், கல்யாணத்துக்குப் பிறகு சென்னையில் ஜப்பானிய மொழி படித்தாள். சென்னையில் தோசோகாய் என்ற அமைப்பு ஜப்பானிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. கொரிய மொழிக்கு இன்கோ சென்டர் இருக்கிறது. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 தொடங்கி என்1 வரை ஐந்து படி, கொரிய மொழிக்கு டோபிக், ஆறு நிலை. இவள் என்3 முடித்திருக்கிறாள். ரெண்டு குழந்தை, வீட்டுக்காரர் ஷிஃப்ட். தினம் ஆபீஸ் போக முடியாது. லிங்க்ட்இன்னில் தன் பக்கத்தை ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தாள். ஒரகடம் பக்கம் ஜப்பானிலிருந்து இன்ஜினியர் ஒரு வாரம் வந்தால் கூடப் போய் மொழிபெயர்க்கிறாள். மற்ற நாட்களில் வேலை விளக்கத் தாள்களை வீட்டிலிருந்தே மொழிபெயர்த்து அனுப்புகிறாள். முதல் தடவை "ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று மட்டும் சொல்லிவிட்டாள். அவர்களுக்கு ஒரு நாள் என்பது காலை ஏழிலிருந்து ராத்திரி எட்டுவரை! இப்போது "எட்டு மணி நேரம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, போக்குவரத்துத் தனி" என்று முதலிலேயே எழுதிவிடுகிறாள். அவள் சொன்னாள், "டீச்சர், பேசறதுக்குக் கூச்சமா இருக்கும், எழுதறதுக்குக் கூச்சம் இல்ல." அந்த வரியை நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தத் தளத்தைப் பற்றி நம் சொந்தத்தில் ரெண்டு தப்பான எண்ணம் இருக்கிறது. ஒன்று, அது ஐ.டி.காரர்களுக்கு மட்டும் என்பது. 2003-இல் அமெரிக்காவில் தொடங்கியது, 2016-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, அதனால் அப்படித் தோன்றுகிறது. நம் சாலையில் உள்ள பர்ச்சேஸ் மேனேஜரும் பிளான்ட் ஹெட்டும் அதில் இருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். இரண்டாவது எண்ணம் என் வயதுக்காரர்களுடையது. பதிந்து வைத்தால் போதும், ஒரு நாள் கார்டு வரும் என்பது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து காஞ்சிபுரம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்து, தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவள். அங்கே சீனியாரிட்டி வேலை செய்தது. முதலில் பதிந்தவருக்கு முதலில் அழைப்பு. இங்கே சீனியாரிட்டி கிடையாது. பத்து வருஷம் சும்மா இருக்கும் பக்கத்தை யாரும் சீந்த மாட்டார்கள்.

நம்மவனுக்கும் அப்படித்தான் நடந்தது. ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு, ஒரு அழைப்பும் இல்லை. வந்ததெல்லாம் மோசடி. "உங்கள் புரொஃபைல் தேர்வாகிவிட்டது, பாதுகாப்பு வைப்புத்தொகை கட்டுங்கள்" என்று ஒருவன். வேலை கொடுக்கிறவன் உன்னிடம் பணம் கேட்டால் அவன் வேலை கொடுக்கிறவன் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு ரெண்டு நாள் கழித்துப் போடாதீர்கள்.

அந்த மாதங்களில் வாரம் ஒரு தடவை அவன் ஒரு சின்னக் குறிப்பு எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வீட்டுப்பாடம்தான். பழைய பி.எல்.சி. பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும், மாற்றும்போது கரண்ட்டை ஏன் அணைக்கக் கூடாது, நகல் இல்லாத மெஷினை எப்படிக் கண்டுபிடிப்பது. ஐந்தாறு வரி. அந்தத் தளத்தில் மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்தால் எனக்குத் தலைவலி வருகிறது. சான்றிதழ் வாங்கினால் ஒரு பிரசங்கம், வேலை போனால் ஒரு தத்துவம், ரோட்டில் ஒரு கிழவரைப் பார்த்தேன் அவர் எனக்கு மேனேஜ்மென்ட் கற்றுக்கொடுத்தார் என்று ஒரு கதை. அந்தச் சந்தை இரைச்சலில் ஒரு பேட்டரிக் குறிப்பு எடுபடுமா என்று எனக்கே சந்தேகம்தான்.

ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், போன் வந்தது. யார் தெரியுமா? பதினோரு வருஷம் முன்னால் இவனிடம் ஆறு மாதம் டிரெயினியாக இருந்த பையன். அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. அவன் இப்போது பிள்ளைப்பாக்கத்தில் ஒரு சின்ன யூனிட்டில் மெயின்டனன்ஸ் பொறுப்பு. அந்தப் பேட்டரிக் குறிப்பைப் பார்த்திருக்கிறான். "அண்ணே, எங்ககிட்ட அதே மாதிரி மூணு மெஷின் நிக்குது. தீபாவளி லீவுல வந்து பண்ணிக் குடுக்க முடியுமா?"

இதை என் மகளிடம் சொன்னபோது, இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது என்றாள். 1973-இலேயே கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலை பற்றிய சேதி நெருங்கிய சொந்தத்தைவிட எப்போதாவது பார்க்கிற தூரத்துப் பழக்கங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று எழுதினாராம். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும், அதனால். லிங்க்ட்இன் நிறுவனமும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அதை 2 கோடிப் பயனாளர்களிடம் ஐந்து வருஷம் சோதித்து 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஓரளவு தூரத்துப் பழக்கம்தான் வேலை மாற மிகவும் உதவியது என்று வந்தது. முகமே தெரியாதவர் அவ்வளவாக உதவவில்லை. இன்னொன்றும் வந்தது, நமக்கு அதுதான் முக்கியம். கணினி அதிகம் புழங்கும் துறைகளில்தான் தூரத்துப் பழக்கத்துக்குப் பலம் அதிகம், மற்றத் துறைகளில் நெருங்கிய உறவுக்கும் பலம் உண்டு. நம் தொழிற்சாலைகள் ரெண்டுக்கும் நடுவில் நிற்கின்றன என்று நினைக்கிறேன். ஆகவே ஐந்நூறு அந்நியர்களைச் சேர்ப்பதற்கு முன்னால், கூட ஷிஃப்ட் பார்த்தவர், பயிற்சிக்கு வந்தவர், மெஷின் சர்வீஸுக்கு வந்தவர், சாமான் சப்ளை செய்தவர் என்று பழைய முகங்களைத் தேடிச் சேருங்கள். அவர்களில் ரெண்டு பேரிடம் உங்கள் வேலையைப் பற்றி ரெக்கமண்டேஷன் எழுதித்தரக் கேளுங்கள். "நல்ல மனிதர்" என்று வேண்டாம். "இந்த மெஷினை இத்தனை நாளில் சரிசெய்தார்" என்று.

பக்கத்தில் பச்சை வளையம் போட்டுக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது, வேலை தேடுகிறேன் என்று பொருள். மாதச் சம்பள வேலை வேண்டுமென்றால் போடுங்கள். ஒப்பந்த வேலை பிடிக்கிறவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. மோட்டார் பார்க்கிறவர் கழுத்தில் "வேலை வேண்டும்" என்று அட்டை மாட்டிக்கொண்டு போவதில்லை. செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டுக் காட்ட "சர்வீசஸ்" என்று தனிப்பகுதி இருக்கிறது. அதில் எழுதினால் போதும்.

படம் போடும் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கேட்டில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் நீங்கள். ஏன் ஒட்டுகிறார்கள் என்று தெரியும். வாடிக்கையாளரின் வரைபடம், மெஷின், பெயர்ப்பலகை எதுவும் உங்கள் பக்கத்தில் வரக்கூடாது. அதேபோல, இப்போது பர்மனன்ட்டில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் வெளிவேலை செய்யலாமா என்று ரெண்டு பேர் கேட்டார்கள். நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள். கூடாது என்று இருந்தால் கூடாதுதான். பகலில் ஒரு கம்பெனிச் சோறு, ராத்திரியில் அதன் போட்டிக் கம்பெனிக்கு வேலை என்றால் என்னிடம் வராதீர்கள்.

பணம் வாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். வேலை முடித்ததும் "கொடுப்பதைக் கொடுங்கள் சார்" என்று தலையைச் சொறிகிறவர்கள் நம் பிள்ளைகள். இதற்கும் நாங்கள்தான் காரணம். இன்னொரு மாணவன், டிசைன் வேலை செய்கிறவன், இந்தத் தளத்தில் பழக்கமான ஒரு கம்பெனிக்கு ஜிக் வரைபடம் முழுவதையும் முன்பணம் வாங்காமல் அனுப்பிவிட்டான். அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு, எப்போது பணம் என்று நாலு வரி மின்னஞ்சல்கூட அவனிடம் இல்லை. யாரிடம் போய் எதைக் காட்டி நியாயம் கேட்பது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பது எனக்கே இந்த வயதில்தான் தெரிந்தது. உத்யம் என்ற அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் வைத்து, காசு கட்டாமல், தனி ஆளாகவே குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். சேவை தருகிறவரும் பதியலாம். காசு கேட்கும் தளம் போலி. பதிந்தவருக்கு 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் உடன்பாடு இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். உடன்பாடு இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அரசுத் தளத்திலேயே புகார் போடலாம். அதோடு 2023-24 கணக்கிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலக்கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாக வருமான வரியில் காட்ட முடியும் என்றும் ஆகிவிட்டது. அதனால் கணக்குப் பிரிவில் உள்ளவர்களே இப்போது "உத்யம் நம்பர் இருக்கா?" என்று கேட்கிறார்கள். பில்லில் அந்த நம்பரைப் போடுங்கள். சேவைக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாக வேண்டியதில்லை. பில்லில் கொஞ்சம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும்.

நம்மவன் தீபாவளியன்று காலை குழந்தைகளுக்குப் பட்டாசு வைத்துக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்கு பிள்ளைப்பாக்கம் போனான். நாலு நாள். மூன்றில் ரெண்டு மெஷின் ஓடுகிறது. மூன்றாவதுக்குச் சாமான் வரவேண்டும். பில்லை நான்தான் படித்துப் பார்த்தேன். "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தான்! அடித்துவிட்டு வங்கிக் கணக்கு எண்ணை எழுதச் சொன்னேன். முப்பத்தெட்டாவது நாள் பணம் வந்தது. பழைய மாதச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, நாலு நாளுக்கு.

இதைப் படித்துவிட்டு வேலையை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாலு நாள் கணக்கைக் காட்டினேன், அதற்கு முன்னால் வரவே இல்லாத எட்டு மாதம் இருக்கிறது, அதன் பின்னால் மூன்று மாதம். பி.எஃப்.-இல் முதலாளி போடும் பங்கு கிடையாது. இ.எஸ்.ஐ. கிடையாது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கைக்காசுதான். மருத்துவக் காப்பீடு ஒன்று எடுக்காமல் இதில் இறங்கக் கூடாது. ஷாப் ஃப்ளோரில் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது கை கறுத்தவர்களுக்குத்தான் இது சரிவரும் என்று எனக்குப் படுகிறது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் முதலில் ஒரு நல்ல கம்பெனியில் போய்க் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் தன் வேலையை எழுதிவைக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஆரம்பிக்கலாம். இன்று எந்த மெஷின், என்ன கோளாறு, எப்படிச் சரியானது. ஒரு நாளைக்கு மூன்று வரி. வேலை போகிற அன்று உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது.

போன வாரம் கல்யாண வீட்டில் என் சித்தப்பா மகன் கேட்டார், "ஏம்மா, நீ பாட்டுக்குப் பசங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கிற. பர்மனன்ட் இல்லாத பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" பந்தியில் வைத்துப் பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன் அண்ணா. உங்கள் மாப்பிள்ளை வேலை செய்த கம்பெனி மூடியபோது, ஒன்றரை வருஷம் தினம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்திலும் கோயில் குளத்தங்கரையிலும் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினார். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், வழியில் பார்த்தேன். வேலை போனதைவிட, அதை நம்மிடம் சொல்லப் பயந்ததுதான் அவரை வாட்டியது. உங்கள் மகளின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் இப்போது மூன்று பட்டறைகளுக்கு அளவுக்கருவி சரிபார்த்துக் கொடுக்கிறார். அடுத்த கல்யாணத்தில் யாராவது கேட்டால் "சொந்தமாகச் செய்கிறார்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் பக்கத்தை எழுத உதவி வேண்டுமானால் வாருங்கள். போனை அப்புறம் பார்க்கலாம், ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். முதலில் நீங்கள் செய்த ஒரு வேலையைத் தமிழில் எழுத வேண்டும். இங்கிலீஷில் எனக்குச் சந்தேகம் வந்தால் மகளிடம் கேட்டுக்கொள்ளலாம். பி.எல்.சி. பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் ஐந்து மணிக்கு மேல் வரவும். அவன் இந்த வாரம் மூன்றாவது மெஷினைப் பார்க்கப் பிள்ளைப்பாக்கம் போகிறான், முடித்துவிட்டுத்தான் வருவான்.